'ஃப்ளீட்': விமான நிறுவனத்துக்கு ஏது கடற்படை?

"ஏர் இந்தியாவின் கடற்படையில் போயிங் 787 விமானங்களும் உள்ளன." இணையத்தில் விமான நிறுவனங்களைப் பற்றித் தமிழில் படிப்பவர்கள் இந்த மாதிரி வரியை எங்காவது கடந்திருப்பார்கள். இயந்திர மொழிபெயர்ப்பின் வேலை இது. 'ஃப்ளீட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி முதலில் சொல்லும் பொருள் கப்பற்படை. கருவி அதை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறது. இதைத் திருத்த நினைப்பவர்கள் 'விமானப்படை' என்று மாற்றினால் குழப்பம் கூடத்தான் செய்யும். விமானப்படை ராணுவத்தைச் சேர்ந்தது; டிக்கெட் விற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் நிறுவனத்திடம் படை எதுவும் கிடையாது.

சொல்லின் வேர் தண்ணீரில்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ளேயோட்' என்றால் மிதக்கும் கலம். மிதத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. இன்றைய 'ஃப்ளோட்' என்ற சொல்லும் அதே வேரில் கிளைத்ததுதான். முதலில் ஒற்றைக் கலத்தைக் குறித்த சொல், பின்னால் ஒரே தலைமையின் கீழ் செல்லும் பல கப்பல்களைக் குறிக்கத் தொடங்கியது. லண்டனில் பத்திரிகை உலகத்துக்கு மறுபெயராக இருந்த ஃப்ளீட் தெருவும் இந்த வேருக்குச் சொந்தம்: தேம்ஸில் கலக்கும் ஃப்ளீட் என்ற சிற்றாற்றின் பெயர் அது. அந்த ஆறு இப்போது நகரத்துக்கு அடியில் மூடப்பட்டு ஓடுகிறது.

விமானத் தொழில் பிறந்தபோது தனக்கென்று சொற்களை உருவாக்கிக்கொண்டிருக்கவில்லை. கப்பலிலிருந்து கைமாற்றாக வாங்கிக்கொண்டது. கேப்டன், கேபின், க்ரூ, ஏர்போர்ட்டில் இருக்கும் போர்ட் எல்லாம் அப்படி வந்தவை. ஃப்ளீட்டும் அந்த வரிசையில் சேர்ந்தது. அப்புறம் லாரி, பேருந்து, வாடகைக் கார் என்று தரையிலும் பரவிவிட்டது.

விமானத் துறைக்குள் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஃப்ளீட் என்றால் ஒரு நிறுவனம் இயக்கும் மொத்த விமானங்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்கு அது விமான ரகம். ஒரு விமானி இன்னொருவரிடம் "நீங்க எந்த ஃப்ளீட்?" என்று கேட்டால் "320" என்றோ "ட்ரிபிள் செவன்" என்றோ பதில் வரும். காரணம் எளிது. விமானி ஒவ்வொரு ரகத்துக்கும் தனியாகப் பயிற்சி எடுத்துத் தகுதி பெற வேண்டும். ஏர்பஸ் ஏ319, ஏ320, ஏ321 மூன்றையும் ஒரே தகுதியில் ஓட்டலாம். அதே விமானியால் போயிங் 777இன் இருக்கையில் நேராகப் போய் உட்கார முடியாது. பொறியாளரின் உரிமத்திலும் ரகம் உண்டு. உதிரிபாகக் கிடங்கு, சிமுலேட்டர் எல்லாம் ரகம் பார்த்துத்தான். பத்து ரகத்தில் ஐம்பது விமானம் வைத்திருப்பதைவிட இரண்டு ரகத்தில் ஐம்பது வைத்திருப்பது மலிவு. ஆக, ஃப்ளீட் என்ற சொல்லில் எண்ணிக்கையோடு ஒரு ஒழுங்கும் அடங்கியிருக்கிறது. தமிழ்ச்சொல் தேடும்போது இதைத்தான் விட்டுவிடக் கூடாது.

ஏர் இந்தியாவின் கதையை வைத்தே இதைப் பார்க்கலாம்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஒரு புஸ் மாத் விமானத்தில் கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி, பம்பாய் ஜுஹுவுக்கு வந்து சேர்ந்தார். அகமதாபாத்தில் அந்த விமானத்துக்கான பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. பம்பாயிலிருந்து தபாலை அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு டாட்டாவின் விமான நிறுவனத்தின் மொத்த ஃப்ளீட் இரண்டு ஒற்றை எஞ்சின் விமானங்கள். 1946இல் அது ஏர் இந்தியா என்ற பொது நிறுவனமானது. 1948 ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானது. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவுக்கும், உள்நாட்டுச் சேவை புதிதாக உருவான இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் போயின.

இங்கே கவனிக்க வேண்டியது பெயர்கள். கான்ஸ்டலேஷன்களுக்கு இளவரசிப் பெயர்கள்: மலபார் பிரின்சஸ், ராஜ்புத் பிரின்சஸ், மொகல் பிரின்சஸ். 1960இல் போயிங் 707 வந்தபோது இமயச் சிகரங்களின் பெயர்கள்: நந்தாதேவி, கௌரிசங்கர், அன்னபூர்ணா, கஞ்சன்ஜங்கா. 1971இல் போயிங் 747 வந்தது. ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் அரண்மனைகளின் ஜரோக்கா என்ற ஜன்னல் மாட வளைவு போலச் சிவப்பில் தீட்டி, பேரரசர் பெயர்களைச் சூட்டினார்கள். அசோகர், ஷாஜஹான், அக்பர், கிருஷ்ணதேவராயர் ஆகியோருடன் நம் ஊர்க்காரர்களான ராஜேந்திர சோழனும் மகேந்திரவர்மனும் அந்த வரிசையில் இருந்தார்கள். பிறகு வந்த 747-400 ரகத்துக்குக் கோனார்க், அஜந்தா, ஆக்ரா, தஞ்சாவூர் என்று ஊர்ப் பெயர்கள். பெரிய கோயிலின் விமானம் நிற்கும் ஊரின் பெயரில் ஒரு விமானம் பறந்தது என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

பெயரைக் கேட்டவுடனே இது எந்த ரகம் என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றும் தனி விமானம்தான்; ஆனாலும் ஒரு வரிசையில் நிற்கிறது. துயரச் செய்திகளும் இந்தப் பெயர்களோடுதான் நினைவில் நிற்கின்றன. ஹோமி பாபாவோடு 1966இல் மோன் பிளாங் மலையில் மோதியது கஞ்சன்ஜங்கா. 1978 புத்தாண்டு நாளில் 213 பேரோடு பம்பாய்க் கடலில் விழுந்தது அசோகர். 1985இல் அயர்லாந்துக்கு அருகே குண்டு வெடித்து 329 பேரோடு சிதறியது கனிஷ்கர்.

ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இதே நிறுவனம் உதாரணம். 2005, 2006இல் ஏர் இந்தியாவுக்கு 68 போயிங், இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 43 ஏர்பஸ் என்று 111 விமானங்கள் வாங்க அரசு ஒப்பந்தம் போட்டது. 2007இல் இரண்டையும் இணைத்தார்கள். விமானங்களைக் கூட்டிச் சொன்னால் பெரிய எண் வந்தது. ஆனால் விமானிகள், பொறியாளர்கள், சம்பளக் கணக்கு, உதிரிபாகம் என்று உள்ளே இரண்டு குடும்பங்களாகவேதான் பல வருடம் ஓடியது. கடனும் ஏறிக்கொண்டே போனது. 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் மறுபடியும் டாட்டா கைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் ஏர்பஸ்ஸிடம் 250, போயிங்கிடம் 220 என 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தார்கள். 2024 ஏப்ரலில் 'ஆக்ரா' என்ற 747 மும்பையிலிருந்து கிளம்பி, இறக்கையை இருபுறமும் சாய்த்துக் காட்டிவிட்டு, நிரந்தரமாக விடைபெற்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் ஒன்று: நம் பேச்சுத் தமிழுக்குப் பல இடங்களில் தனிப் பெயர்ச்சொல்லே தேவைப்படுவதில்லை. நாமக்கல் பக்கம் "அவருக்கு முப்பது லாரி ஓடுது" என்றால் விஷயம் முடிந்தது. அதே மாதிரி "அந்த நிறுவனத்துக்கு நூறு விமானம் ஓடுகிறது", "புதிதாக ஆறு விமானம் சேர்த்திருக்கிறார்கள்" என்று எழுதலாம். 'நூறு விமானங்களைக் கொண்ட ஃப்ளீட்டை இயக்குகிறது' என்ற வாக்கியத்தை இழுத்துக்கொண்டு வரவேண்டியதே இல்லை.

பழந்தமிழும் இப்படித்தான் சொல்லியிருக்கிறது. ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரம் நோக்கிப் போன கப்பல்களை "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்கிறது. பல கலம், அவ்வளவுதான். கலம் என்ற சொல் விண்கலமாக இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்த அரசன் பெயர் ஒரு 747க்கு வாய்த்தது பொருத்தமான விஷயம்.

பெயர்ச்சொல் வேண்டிய இடங்களும் உண்டு: தலைப்பு, அட்டவணை, ஆண்டறிக்கை. 'விமானத் தொகுதி' என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுக் காதில் தொகுதி என்றால் எம்.எல்.ஏ. நினைவுதான் வரும். 'விமானக் குழாம்' நல்ல சொல். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் கிரிக்கெட் செய்தியில் தேர்வான வீரர்களைக் 'குழாம்' என்று எழுதுவதால் அங்குள்ளவர்களுக்குப் பழக்கமும் கூட.

என் தேர்வு 'விமான அணி'. அணி என்றால் வரிசை, ஒழுங்கு. அணிவகுப்பு, ஓரணி எல்லாம் இதிலிருந்து வருபவை. ரகம் பார்த்து, கணக்குப் போட்டுச் சேர்த்த விமானங்கள் என்ற பொருள் இதில் தானாகவே வந்துவிடுகிறது. அணி என்றால் அலங்காரம் என்றும் பொருள். ஜரோக்கா தீட்டி, அரசர் பெயர் சூட்டி நிறுத்திய 747களுக்கு இரண்டு பொருளும் பொருந்தும். மகளிர் அணி, இளைஞர் அணி என்று கட்சிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கின்றன என்று தயங்க வேண்டாம். முன்னால் 'விமான' என்று இருந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

'ஃப்ளீட் சைஸ்' என்ற இடத்தில் 'விமான எண்ணிக்கை' போதும். 'மிக்ஸ்டு ஃப்ளீட்' கலப்பு அணி. 'ஃப்ளாக்‌ஷிப்' என்பது தளபதியின் கொடி பறக்கும் கப்பல்; விமான நிறுவனத்துக்கு 'முதன்மை விமானம்' என்றால் சரியாக இருக்கும். இன்றைய ஏர் இந்தியாவில் அந்த இடம் ஏர்பஸ் ஏ350க்கு. விமானிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் "எந்த ஃப்ளீட்?" என்பதைத் தமிழில் எழுத வேண்டியிருந்தால் அணியெல்லாம் வேண்டாம்; "எந்த ரகம் ஓட்டுறீங்க?" என்றே எழுதிவிடலாம்.