பின் போட்டாச்சு, ஆப்ட் அதைப் படித்ததா?

விடியற்காலை ஐந்தேகாலுக்கு அழைப்பு வந்தது. இரவுப் பணியில் இருந்த தம்பி சொன்னது ஒரே வரி: "அண்ணா, என்ஜின்எக்ஸ் எழுந்திருக்க மாட்டேங்குது." என்ஜின்எக்ஸ்தான் எங்கள் வெப் சர்வர் மென்பொருள். அதன் லாக்கைப் பார்த்தால் காரணம் அப்பட்டமாக இருந்தது. நாங்கள் தனியாகக் கம்பைல் செய்து வைத்திருந்த மாட்யூல், அதாவது என்ஜின்எக்ஸோடு சேரும் கூடுதல் பகுதி, 1018000 பதிப்புக்கானது. சர்வரிலோ 1020001 உட்கார்ந்திருந்தது. அதாவது, இரவோடு இரவாக 1.18 போய் 1.20 வந்துவிட்டது.

அது நடக்கவே கூடாது. ஏனென்றால் டெபியன் போன்ற லினக்ஸ்களில் மென்பொருளை நிறுவிப் புதுப்பிக்கும் கருவியான ஆப்டுக்கு, 1.18-ஐத் தாண்டக் கூடாது என்று ஒரு 'பின்' (எந்தப் பதிப்பை ஏற்கலாம் என்று கோப்பில் எழுதி வைக்கும் கட்டுப்பாடு) போட்டிருந்தோம். சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் என்ற கருவியின் பிளேபுக்கில், அதாவது வேலைப் பட்டியலில், அதற்கென்று ஒரு டாஸ்க். ஒவ்வொரு ஓட்டத்திலும் பச்சை நிறத்தில் 'ஓகே' என்றுதான் வந்துகொண்டிருந்தது. கோப்பும் சர்வரில், ஆப்டின் ப்ரிஃபரன்சஸ்-டி அடைவுக்குள், எழுதியபடியே இருந்தது. பிழை கோப்பின் பெயரில். அது 'டாட் கான்ஃப்' என்று முடிந்தது. அந்த அடைவில் நீட்சி இல்லாத கோப்புகளையும் 'டாட் ப்ரெஃப்' என்று முடிபவற்றையும் மட்டுமே ஆப்ட் படிக்கும். மற்றதைத் தள்ளிவிட்டு, டெர்மினலில் ஒரு வரி அறிவிப்பு தரும், அவ்வளவுதான். ஆன்சிபிள் வழியாக ஓடும்போது அந்த வரி யார் கண்ணிலும் படவில்லை. அதே பிளேபுக்கில் பேக்கேஜ் நிலையை 'லேட்டஸ்ட்' என்று யாரோ எழுதியிருந்ததால், தடுக்க ஆளில்லாமல் புதுப் பதிப்பு உள்ளே வந்துவிட்டது.

பச்சை நிறம் சொல்வது 'கோப்பை வைத்துவிட்டேன்' என்பதை மட்டும். ஆப்ட் அதற்குக் கட்டுப்பட்டதா என்பது வேறு கேள்வி, அதை ஆப்டிடமேதான் கேட்க வேண்டும். ஆப்ட்-கேஷ் பாலிசி என்ற கட்டளையை பேக்கேஜ் பெயரோடு கொடுங்கள். இப்போது இருக்கும் பதிப்பு, அடுத்து ஏறப்போகும் 'கேண்டிடேட்', ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள முன்னுரிமை எண் எல்லாம் வரும். இப்போது எங்கள் பிளேபுக்கில் பின் போடும் டாஸ்க்குக்கு அடுத்த டாஸ்க்கே இதுதான்: கேண்டிடேட் 1.18 என்று தொடங்காவிட்டால் ஓட்டம் அங்கேயே நிற்கும்.

பின்னில் கொடுக்கும் இந்த முன்னுரிமை எண்களையும் சும்மா போடக் கூடாது. சாதாரண ரெப்போவுக்கு (பேக்கேஜ்கள் வரும் களஞ்சியம்) 500. சர்வரில் ஏற்கெனவே இருக்கும் பதிப்புக்கும் டெபியன் பேக்போர்ட்ஸுக்கும் (இருக்கும் டெபியனுக்கு ஏற்றபடி தயாரித்துத் தரும் புதுப் பதிப்புகள்) 100. பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்தப் பதிப்பு ஏறவே ஏறாது. பலர் 'கெட்டியாக இருக்கட்டும்' என்று 1001 போடுகிறார்கள். 1000-ஐத் தொட்டாலே, இருக்கும் பதிப்பைக் கீழே இறக்கவும் ஆப்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். வெப் சர்வர் என்றால் சமாளிக்கலாம். டேட்டாபேஸ் என்றால், புதுப் பதிப்பு எழுதிய தரவுக் கோப்பைப் பழையதால் திறக்க முடியாமல் போகலாம். வேண்டுமென்றே கீழிறக்குகிறீர்கள் என்றால் மட்டும் 1001. இல்லையென்றால் 990 போதும்.

பின் வேலை செய்யாதது ஒரு ஆபத்து என்றால், தேவை முடிந்த பிறகும் வேலை செய்துகொண்டே இருப்பது இன்னொன்று. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, டெபியனின் அன்றைய வெளியீடான வீஸி அதைப் புதுப் பதிப்புக்கு ஏற்றவில்லை. அதே 1.0.1ஈ-க்குள் திருத்தத்தைச் சேர்த்து, டெபியனின் சொந்த எண்ணை மட்டும் 4-லிருந்து 5 ஆக்கியது. அன்று யாராவது பதிப்பைக் கடைசி எழுத்து வரை அப்படியே எழுதிப் பின் போட்டிருந்தால், அந்தத் திருத்தம் அவர் சர்வருக்குள் வந்தே இருக்காது. அதனால் முழு எண்ணை எழுதாதீர்கள். எதுவரை மாறக் கூடாதோ அதுவரை எழுதி, மிச்சத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் உள்ளே வர அந்த வாசல் வேண்டும்.

அப்புறம், கோடிலிருந்து பின்னை அழித்தால் சர்வரிலிருந்தும் அது போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஆன்சிபிளில் டாஸ்க்கை நீக்கினால் கோப்பு அங்கேயே கிடக்கும். 'ஆப்சென்ட்' என்று சொல்லி ஒரு முறை ஓட்ட வேண்டும். ஆன்சிபிள் போன்ற இன்னொரு கருவியான பப்பெட்டின் ஆப்ட் மாட்யூல் 'டாட் ப்ரெஃப்' நீட்சியைத் தானே போட்டுக்கொள்ளும், எங்களுக்கு வந்த வம்பு அதில் வராது. ஆனால் அதிலும், கோடில் இல்லாத கோப்புகளை அழிக்கும் பர்ஜ் அமைப்பை இயக்கி வைக்காவிட்டால் பழைய பின்கள் தங்கிவிடும்.

பின் கோப்பில் 'எக்ஸ்ப்ளனேஷன்' என்று ஒரு புலம் உண்டு. ஆப்ட் அதைக் கண்டுகொள்ளாது, மனிதர்களுக்காகவே இருக்கிறது. ஏன் போட்டோம், யார் போட்டது, எப்போது எடுக்கலாம் என்று மூன்றையும் அதில் எழுதாத பின்னை நான் இப்போது ரிவ்யூவில் ஏற்பதில்லை. அந்தக் காலைக்குப் பிறகு எல்லா சர்வர்களிலும் அந்த அடைவைத் திறந்து பார்த்தோம். பல பின்கள் எதற்கென்று எங்களில் யாருக்குமே தெரியவில்லை. ஒவ்வொன்றையும் சோதனை சர்வரில் எடுத்துப் பார்த்து, பாலிசி என்ன சொல்கிறது என்று சரிபார்த்து நீக்க மூன்று வாரம் ஆனது.