ரிட்டயர் ஆகப்போற வாரத்துல கூப்பிடாதீங்க

கம்பெனிகளுக்கு நாலெட்ஜ் மேனேஜ்மென்ட் பண்ணித் தர்றதுதான், அதாவது வேலை தெரிஞ்சவங்களோட அறிவு அவங்களோடவே போயிடாம பார்த்துக்கறதுதான் என் வேலை. போன வாரம் மறுபடி அதே போன். "எங்க மெயின்டெனன்ஸ் சீனியர் வெள்ளிக்கிழமை ரிட்டயர் ஆகுறாருங்க, அவர் மண்டைல இருக்கறதெல்லாம் ஒரு டாக்குமெண்டா எடுத்துக் குடுத்துடுங்க." 30 வருஷ அனுபவம், நாலு நாள் டைம். நிஜமாவே கோவம் வருதுங்க.

போனேன். மனுஷன் ஒரு பம்ப் மேல உள்ளங்கையை வெச்சு கொஞ்ச நேரம் நின்னுட்டு "இந்த பேரிங் ரொம்ப நாள் தாங்காது"ன்னார். எப்படித் தெரியும்னா "தெரியுதே சார், துடிப்பு மாறிருக்கு"ங்கறார். அவர் எழுதின ஹேண்ட்ஓவர் ஃபைல்ல அதுக்கு ஒரே வரி: "அதிர்வு சரிபார்க்கவும்".

அவர் எதையும் மறைக்கலை. அது எழுத்துல வராது, அவ்வளவுதான். மைக்கேல் போலான்யிங்கற தத்துவ அறிஞர் 1966லயே சொல்லிட்டார், நம்மால சொல்ல முடியறதை விட நமக்குத் தெரிஞ்சது அதிகம்னு. ஆனா இன்னைக்கும் ஃபோல்டர் போட்டு, சாஃப்ட்வேர் வாங்கி, ஃபைலை ஏத்திட்டா அறிவு கம்பெனிக்கு வந்துடுச்சுன்னு நம்பறாங்க. வந்தது ஃபைல்ங்க. அதைப் படிச்சவன் கை பம்ப் மேல போனா ஒண்ணும் புரியாது.

அமெரிக்கால டபிள்யூ-76 அணு ஆயுதத்துக்கு ஃபாக்பேங்க்னு ஒரு ரகசியப் பொருள் பண்ணிட்டிருந்தாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. 2000க்கு மேல திரும்பத் தேவைப்பட்டப்ப செஞ்ச ஆளுங்க கிட்டத்தட்ட யாருமே இல்லை, ரெக்கார்டும் சரியா இல்லை, கோடிக்கணக்குல டாலர் செலவாச்சு, பொருள் மட்டும் சரியா வரலை. கடைசில பார்த்தா பழைய மூலப்பொருள்ல இருந்த ஒரு அசுத்தம்தான் வேலை செஞ்சிருக்கு, புது முறைல அதை நல்லா சுத்தம் பண்ணி எடுத்துட்டாங்க! அது முக்கியம்னு அந்தக் காலத்துல செஞ்சவங்களுக்கே தெரியாது. தெரியாததை எந்த டாக்குமெண்ட்ல எழுதுவாங்க?

நோனாகா, தக்கேவுச்சின்னு ரெண்டு ஜப்பான் மேனேஜ்மென்ட் பேராசிரியர்கள் 1995ல எழுதின புத்தகத்துல, அறிவு எப்படிக் கைமாறுதுன்னு காட்டற நாலு கட்டப் படத்தை எல்லாரும் ஸ்லைடுல போடறாங்க. முதல் கட்டமே பக்கத்துல இருந்து பழகறது, அதைத்தான் தாண்டிப் போயிடறாங்க. அதே புத்தகத்துல மட்சுஷிட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ரொட்டி மெஷின் கதை இருக்கு. மாவு சரியா பிசையலைன்னு ஒரு இன்ஜினியரம்மா ஒசாகா ஹோட்டல் ஒண்ணுல தலைமை ரொட்டிக்காரர்கிட்ட போய் கத்துக்கிட்டாங்க, அவர் மாவை முறுக்கி இழுக்கறதைப் பார்த்துத்தான் மெஷினையே மாத்தினாங்க. ரெசிபி கேட்டு வாங்கிட்டு வந்திருந்தா ஆகியிருக்குமா?

தயவுசெஞ்சு ஒரு வருஷம் முன்னாடியே ஒரு ஜூனியரை கூட விடுங்க. "உங்களுக்கு என்னெல்லாம் தெரியும்"னு கேக்காதீங்க, "கடைசியா எப்ப பயந்தீங்க, அப்ப என்ன பண்ணீங்க"ன்னு கேளுங்க. வேலையை ஜூனியர் செய்யட்டும், சீனியர் பார்த்துத் திருத்தட்டும், நோட்ஸ் எழுதறதும் ஜூனியரா இருக்கட்டும். ரெண்டு பேரும் நின்னு பேசிட்டிருந்தா டைம் வேஸ்ட்னு விரட்டாதீங்க, அங்கதான் வேலையே நடக்குது.

மிச்ச நாளுக்கு ஃபைலை மூடி வெச்சுட்டு ஒரு பையனை அவர்கூட அனுப்பினேன். வியாழக்கிழமை அவன் ஒரு பம்ப் மேல கை வெச்சு "அண்ணே, இதுவும் மாறிருக்குல்ல?"ன்னான். "இல்லப்பா, அது பக்கத்து மோட்டார்லேர்ந்து வருது, கையை கொஞ்சம் கீழ வை"ன்னார். மறுநாள் அவருக்கு மாலை போட்டு அனுப்பிட்டாங்க.