விண்மீன் போலத் தெரியும், விண்மீன் அல்ல: குவாசாரை எப்படி அடையாளம் காண்கிறோம்?

குவாசார் பற்றிப் பேசக் கல்லூரிகளுக்குப் போகும்போது மாணவர்கள் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். நடுவில் கரிய உருண்டை, அதைச் சுற்றித் தணலாய்ச் சுழலும் வட்டு, மேலும் கீழும் பீறிடும் நீல ஒளி. "சார், இது எந்தத் தொலைநோக்கியில் எடுத்தது?" என்று கேட்பார்கள். எதிலும் எடுக்கப்படவில்லை, ஓவியர் வரைந்தது. வரைவதில் தவறே இல்லை. 'கற்பனை ஓவியம்' என்ற குறிப்பை வெட்டிவிட்டுப் பகிர்வதுதான் எனக்குக் கவலை. நாங்கள் எடுக்கும் படங்களில் குவாசார் பெரும்பாலும் ஒரு புள்ளி. பக்கத்திலிருக்கும் சாதாரண விண்மீனிலிருந்து அதைக் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தப் புள்ளி, தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றின் மையம். அங்கே மிகப்பெரிய கருந்துளை இருக்கிறது. கருந்துளை ஒளிவிடுவதில்லை. அதை நோக்கி இழுக்கப்படும் வாயு நேராக விழாமல் வட்டாகச் சுழன்று, சூடேறி, விழுவதற்கு முன் ஒளிர்கிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாகிறது. இந்த வட்டில் அது 10 விழுக்காட்டை ஒட்டி வரும். அதனால்தான் சிறிய ஓர் இடம், தன்னைச் சூழ்ந்த கோடானுகோடி விண்மீன்களின் மொத்த ஒளியையும் மிஞ்சுகிறது.

இதை முதலில் காட்டிக்கொடுத்ததில் நிலாவுக்குப் பங்கு உண்டு. 1950களின் ரேடியோ தொலைநோக்கிகளுக்கு ஒரு பொருள் வானில் எங்கே இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல வராது. 1962 ஆகஸ்ட் 5 அன்று கன்னி ராசியிலுள்ள 3சி 273 என்ற, ரேடியோ அலைகளை வீசும் பொருளை நிலா மறைத்தது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சிரில் ஹசார்டின் குழு அது மறைந்த நொடியையும் மீண்ட நொடியையும் குறித்தது. நிலா வானில் நொடிக்கு அரை விகலைதான் நகரும் (ஒரு பாகையில் 3600 விகலை). ஆகவே நேரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். அந்த இடத்தில் இருந்தது ஒரு 'விண்மீன்'.

அதே உத்தியை மனத்தில் வைத்துத்தான் இந்திய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் 1970இல் ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை நிறுவினார். 530 மீட்டர் நீளமுள்ள அது, சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவில் கிடக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் 11 பாகைதான். அதனால் அதன் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே திசையில் திருப்பினால் போதும், பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒவ்வொரு முறையும் ஆதங்கப்படுகிறேன்.

3சி 273இன் இடம் தெரிந்ததும் அமெரிக்காவின் பாலோமர் மலையிலுள்ள 5 மீட்டர் தொலைநோக்கியில் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அந்தப் புள்ளியின் நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியை, எடுத்தார். ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்கே உரிய இடங்களில் கோடுகளைப் பதிக்கும். இவையோ எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத கோடுகள். 1963 பிப்ரவரியில்தான் விடை கிடைத்தது: அவை ஹைட்ரஜனின் கோடுகளே, எல்லாம் 16 விழுக்காடு சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. பிரபஞ்சம் விரிவதால் வழியில் ஒளியின் அலைநீளம் நீள்கிறது, தொலைவு கூடக்கூட நகர்வும் கூடும். அந்தக் கணக்கில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒளி அது. நம் விண்மீன் மண்டலத்துக்குள் இருக்கும் மங்கலான விண்மீனாக அது இருக்க வழியே இல்லை.

இன்றும் எங்கள் வேலையின் சாரம் இதுதான். புள்ளியின் ஒளியை ஒரு குறுகிய பிளவின் வழியே அனுப்பி நிறம் பிரிக்கிறோம். பிளவில் வானத்தின் ஒளியும் சேர்ந்தே வரும், அதைக் கழிக்க வேண்டும். 3சி 273இல், ஆய்வகத்தில் 486 நானோமீட்டர் அலைநீளத்தில் விழும் எச்-பீட்டா என்ற ஹைட்ரஜன் கோடு 563இல் அகன்று நிற்கும். அதன் தோளிலேயே, 557.7இல், நம் வளிமண்டல ஆக்சிஜனின் இயற்கை ஒளிர்வு வந்து உட்காரும். போதாததற்கு ஊர் விளக்குகள். பழைய சோடியம் விளக்கு 589ஐ ஒட்டிச் சிறிது இடத்தைத்தான் கெடுக்கும். வெள்ளை எல்இடி நீலம் முதல் சிவப்பு வரை பரவுவதால் கழிப்பது கடினம். தெருவிளக்குக்கு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் தெருவும் வெளிச்சமாக இருக்கும், மின்சாரமும் மிஞ்சும்.

நிறமாலை எடுக்காமல் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024இல் அறிவிக்கப்பட்ட ஜே0529-4351 சான்று. அதுவரை கண்டறிந்தவற்றிலேயே மிகப் பிரகாசமான குவாசார். 1980ஆம் ஆண்டின் வான் படங்களிலேயே பதிவாகியிருந்தது. விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் தரவுகளை ஆராய்ந்த தானியங்கி முறையோ, குவாசாராக இருக்க முடியாத அளவு பிரகாசம் என்று அதை விண்மீன் பக்கம் தள்ளியிருந்தது. ஆஸ்திரேலியாவின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் நிறமாலை எடுத்த பிறகே உண்மை தெரிந்தது.

3சி 273ஐ நீங்களும் பார்க்கலாம். ஏப்ரல், மே இரவுகளில் நம் ஊர்களில் உச்சிக்கு அருகே வரும். வெறுங்கண்ணின் எல்லையைவிட 500 மடங்குக்கும் மேல் மங்கல், ஆகவே இருண்ட இடமும் 8 அங்குலத் தொலைநோக்கியும் விண்மீன் வரைபடமும் வேண்டும். ஒளியை நிறங்களாகப் பிரிக்க, கேமரா முன் பொருத்தும் சிறிய கீற்றணி இருந்தால் நிறமாலையும் கிடைக்கும். ஆர்வலர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 563ஐ ஒட்டி அளந்து பாருங்கள். ஹைட்ரஜனின் இன்னொரு கோடான எச்-ஆல்ஃபாவைத் தேடாதீர்கள், அது 760க்கு நகர்ந்து, காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒளியை விழுங்கும் பட்டைக்குள் மாட்டிக்கொள்கிறது.