மறைந்துபோன கறைநீக்கியின் வேதியியல்

அமெரிக்காவில் 1960களிலும் 70களிலும் வந்த கார்களை இன்றும் பேணி ஓட்டுகிறவர்களுக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. எஞ்சின் உதிரிபாகம் எப்படியாவது கிடைத்துவிடும். அதே நிறத்தில் பெயின்ட் கூடக் கிடைத்துவிடும். அந்தக் காலத்துச் சீட் கறைநீக்கி மட்டும் கிடைக்காது. எண்ணெய் பட்ட இடத்தில் தெளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் போதும், கறை போன இடம் தெரியாது. இப்போது விற்பதெல்லாம் வெறும் சோப்பு நுரை என்று அலுத்துக்கொள்வார்கள்.

இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. பழைய கறைநீக்கிகள் வேலையைத் திறம்படச் செய்தன. பெயர் மாறாமல் இன்றும் விற்கும் சில பொருட்களுக்குள் இருக்கும் திரவம் முற்றிலும் வேறு. மறைந்துபோனது ஒரு மூலக்கூறு. அது எப்படி வேலை செய்தது, ஏன் போக வேண்டியிருந்தது என்ற கதை கார் சீட்டில் தொடங்கி வெகுதூரம் போகிறது.

முதலில் சீட். சட்டையில் எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டுக் கசக்கி, தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடலாம். சோப்பு மூலக்கூறு எண்ணெயைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதை வெளியே கொண்டுபோவது அலசும் தண்ணீர். கார் சீட்டை அலச வழியில்லை. துணிக்குக் கீழே தடிமனான நுரைப்பஞ்சு இருக்கிறது. உள்ளே இறங்கிய தண்ணீர் காய நாள்கணக்கில் ஆகும். அதற்குள் பூஞ்சை பிடித்து வாடை வந்துவிடும். சோப்பில் ஒரு பகுதி துணியிலேயே தங்கிவிட்டால் அது புது அழுக்கையும் இழுக்கும். ரெக்சின் சீட் பழகிய நமக்கு ஈரத்துணியே போதுமாக இருந்தது. துணிச் சீட்டுக்கு அந்த வழி உதவாது.

ஆகவே கார் சீட்டுக்குத் தேவை, எண்ணெயைக் கரைத்து, துணியை நனைத்துவிட்டு, தானாகவே ஆவியாகிப் போகும் ஒரு கரைப்பான். பெட்ரோல் வகைத் திரவங்கள் இதைச் செய்யும், ஆனால் தீப்பற்றும். மூடிய காருக்குள் பெட்ரோல் ஆவி என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம். எண்ணெயைக் கரைக்க வேண்டும், சீக்கிரம் உலர வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒருசேரப் பொருந்தும் திரவங்கள் மிகச் சில. அவற்றில் பெரும்பாலானவை குளோரின் ஏறியவை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த இடத்தைப் பிடித்தது கார்பன் டெட்ராகுளோரைடு. நடுவில் ஒரு கார்பன், சுற்றிலும் நான்கு குளோரின். தீப்பிடிக்காது என்பது மட்டுமல்ல, தீயை அணைக்கவும் செய்யும். 1910களிலிருந்து பைரீன் என்ற பெயரில் வந்த பித்தளைக் கைப்பம்புத் தீயணைப்பான்களில் நிரப்பியிருந்தது இதே திரவம்தான். அக்காலத்துக் கார்களில் அதைத் தொங்கவிட்டிருப்பார்கள். அமெரிக்க வீடுகளில் பேர்பெற்ற கார்போனா கறைநீக்கியிலும் இதுவே இருந்தது.

இதன் கேடு ஈரலில் தெரிந்தது. உடலுக்குள் போன கார்பன் டெட்ராகுளோரைடை ஈரலில் உள்ள ஒரு நொதி உடைக்க முயலும். ஒரு குளோரின் பிரிந்ததும், மிச்சமுள்ள துண்டு கட்டுக்கடங்காத வினைத்திறனோடு செல்சவ்வின் கொழுப்பைத் தாக்கத் தொடங்கும். ஒரு கொழுப்பு மூலக்கூறு சிதைந்தால் அது அடுத்ததைச் சிதைக்கும். மது அருந்துபவர்களின் ஈரலில் அந்த நொதி கூடுதலாக இருப்பதால் அவர்களுக்குப் பாதிப்பும் கூடுதல். 1970-ல் அமெரிக்கா இதை வீட்டு உபயோகப் பொருட்களில் தடை செய்தது.

அந்த இடத்துக்கு வந்ததுதான், பழைய கார்க்காரர்கள் இன்று ஏங்கும் மூலக்கூறு. வேதியியல் பெயர் 1,1,1-டிரைகுளோரோஈத்தேன். தொழிற்சாலைகளில் மெத்தில் குளோரோஃபார்ம் என்பார்கள். கார்பன் டெட்ராகுளோரைடின் ஒரு குளோரினை எடுத்துவிட்டு, அங்கே ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதியை வைத்தால் இது கிடைக்கும். 1950களில் சந்தைக்கு வந்தது. அந்த மூன்று ஹைட்ரஜன்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதன் குணங்களைப் பட்டியலில் பார்த்தால் கறைநீக்கிக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும். கொதிநிலை 74 டிகிரி செல்சியஸ். பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதனால் நூலிழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடுக்குகளில் தடையின்றி நுழையும். ஒரு கிலோவை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பம், தண்ணீருக்குத் தேவைப்படுவதில் சுமார் ஒன்பதில் ஒரு பங்குதான். கரைக்கும் வலிமையை அளக்கத் தொழில்துறையில் பழைய முறை ஒன்று உண்டு: நியூசிலாந்தின் கௌரி மரப் பிசினைப் பியூட்டனாலில் கரைத்து வைத்துக்கொண்டு, சோதிக்க வேண்டிய திரவத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். கரைசல் கலங்கும்வரை எத்தனை மில்லிலிட்டர் தாங்குகிறதோ அதுவே மதிப்பெண். சாதாரண வெள்ளை ஸ்பிரிட் 40-ஐத் தொடத் திணறும். மெத்தில் குளோரோஃபார்மின் மதிப்பு 124.

இந்த வலிமைக்கு மறுபக்கமும் உண்டு. வினைல் சீட்டை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய் போன்ற சேர்மங்களையும் இத்தகைய கரைப்பான் உறிஞ்சி எடுத்துவிடும். விளைவு, வினைல் விறைத்து வெடிக்கும். துணிக்கு நண்பன், வினைலுக்கு எமன். விறைத்துப்போன சீட்டை வைத்துக்கொண்டு வெயிலைக் குற்றம் சொன்னவர்கள் எத்தனை பேரோ.

கரைப்பது பாதி வேலைதான். கரைந்த எண்ணெய் எங்கே போகும்? வெறும் கரைப்பானை ஊற்றினால் அது எண்ணெயைத் தூக்கிக்கொண்டு நாலாபுறமும் பரவும். ஈரத்தின் விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடப்பதால், நடுவிலிருந்து திரவம் விளிம்பை நோக்கித் தொடர்ந்து ஓடும். கொண்டுவந்த அழுக்கையெல்லாம் அங்கே இறக்கிவிட்டு ஆவியாகும். நடுவில் சுத்தம், சுற்றிலும் வளையம். கறைநீக்கியை ஊற்றித் தேய்த்தவர்களுக்கெல்லாம் இந்த வளையம் பழக்கம்.

இங்கேதான் தூள் கலந்த தெளிப்புகளின் நுட்பம் இருக்கிறது. கே2ஆர் போன்ற டப்பாக்களை அடித்தால் சீட்டின் மேல் ஈரமான வெள்ளைப் படலம் விழும். கண்ணெதிரே அது ஓரத்திலிருந்து உலர்ந்து, மாவு பூத்ததுபோல் வெளிறும். துணிக்குள் இறங்கிய கரைப்பான் எண்ணெயைக் கரைத்துக்கொள்கிறது. ஆனால் ஆவியாக வேண்டுமானால் மேலே உள்ள தூளைக் கடந்துதான் போயாக வேண்டும். தூளின் துளைகள் துணியின் இடுக்குகளைவிட நுண்ணியவை. இடுக்கு எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு வலுவாகத் திரவத்தை உறிஞ்சும். ஆக, ஓட்டம் பக்கவாட்டில் விரியாமல் மேல்நோக்கித் திரும்புகிறது. கரைப்பான் காற்றில் கலக்கிறது, எண்ணெய் தூளில் சிக்கிக்கொள்கிறது. உலர்ந்ததும் தூரிகையால் தட்டினால், கறை தூளோடு வந்துவிடும். பட்டுப்புடவையில் எண்ணெய் சொட்டினால் உடனே முகப்பவுடரைக் கொட்டி வைக்கும் நம் வீட்டு வழக்கத்திலும் இதே நுண்துளை உறிஞ்சல்தான் நடக்கிறது. அங்கே கரைப்பான் இல்லாததால் பழைய கறையை அசைக்க முடிவதில்லை, அவ்வளவே வேறுபாடு.

அந்தத் தெளிப்புக்கு உந்துவாயுவும் வேண்டும். தொடக்கத்தில் அந்த வேலையைச் செய்தவை குளோரோஃபுளோரோகார்பன்கள். 1974-ல் வேதியியலாளர்கள் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் இவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எழுதினார்கள். 1978-ல் அமெரிக்கா அத்தியாவசியமற்ற தெளிப்பு டப்பாக்களில் அவற்றைத் தடை செய்தது. (இந்தியாவில் இவற்றைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூரில் இருந்தது. மருந்துத் தேவை நீங்கலாக, இந்தியா 2008 ஆகஸ்டில் உற்பத்தியை நிறுத்தியது.) மாற்றாக வந்த புரோப்பேன், பியூட்டேன் வாயுக்கள் எரியக்கூடியவை. எனவே டப்பாவின் தீ அபாயத்தைக் குறைக்க, எரியாத மெத்தில் குளோரோஃபார்மின் தேவை கூடிப்போனது. ஒரு தடை இன்னொரு மூலக்கூறின் சந்தையைப் பெருக்கியது.

கார் சீட்டில் மட்டுமா? தட்டச்சுப் பிழையை மறைக்கும் வெள்ளைத் திரவத்தை இளக்கியது இதுதான். உலோகப் பாகங்களின் கிரீஸைக் கழுவியதும் இதுதான். உலகம் முழுவதும் காற்றில் கலந்த அளவு 1990 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் டன்னை எட்டியது.

உள்ளே இழுத்த ஆவியில் 90 சதவீதத்துக்கும் மேல் மூச்சிலேயே மாறாமல் வெளியேறிவிடும் என்பதால், முன்னோடியைப் போல் ஈரலை வாட்டவில்லை. அதற்காக ஆபத்தில்லாதது என்று சொல்லிவிட முடியாது. காற்றைவிட நான்கரை மடங்கு கனமான அதன் ஆவி, கண்ணாடி ஏற்றிய காருக்குள் தங்கி நிற்கும், தலை சுற்றும், செறிவு மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறி உயிர் போகலாம். போதைக்காக முகர்ந்து இறந்தவர்கள் உண்டு. பழைய டப்பாவை எங்கிருந்தாவது தேடிப்பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அந்த இனிப்பு மணம் பல ஆண்டுகள் கழித்தும் அப்பாவின் காரை அப்படியே நினைவில் நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. கண்ணும் காதும் தரும் தகவல் மூளையின் தலாமஸ் வழியாகச் சுற்றிப் போகும்போது, மணம் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறது.

மெத்தில் குளோரோஃபார்ம் போனதற்குக் காரணம் ஓசோன். இதன் குளோரினும் ஓசோன் படலத்தைச் சிதைக்கும். அத்தகைய பொருட்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் 1990-ல் லண்டனில் இது சேர்க்கப்பட்டது. 1992-ல் கோபன்ஹேகனில் கெடு முன்னே இழுக்கப்பட்டு, வளர்ந்த நாடுகளில் 1996 தொடக்கத்தோடு உற்பத்தி முடிந்தது. வளரும் நாடுகளுக்கு 2015 வரை அவகாசம். நிறுவனங்கள் சோப்பு நுரைக்கும், எரியக்கூடிய ஹைட்ரோகார்பன்களுக்கும், மெதுவாக உலரும் பெர்குளோரோஎத்திலீனுக்கும் மாறின. அந்தக் கடைசிப் பொருளையும் நுகர்வோர் பயன்பாட்டிலிருந்து நீக்க 2024 டிசம்பரில் அமெரிக்கா விதி வகுத்துவிட்டது. இன்றைய நுரை, சீட்டை விட்டுப் போவதில்லை. துடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது. கையுழைப்பு திரும்பி வந்திருக்கிறது.

இனி அந்த மூன்று ஹைட்ரஜன்கள். சூரியனின் புற ஊதாக் கதிர் தரைக்கு அருகிலுள்ள ஓசோனை உடைக்கும்போது, பக்கத்தில் நீராவி இருந்தால் ஹைட்ராக்சில் என்ற துண்டு பிறக்கும். ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். அதன் ஆயுள் ஒரு விநாடி அளவே. எதிர்ப்படும் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு தண்ணீராகிவிடும். பறிகொடுத்த மூலக்கூறு சிதையத் தொடங்கும். மீத்தேன் போன்ற பலவற்றைக் காற்றிலிருந்து நீக்குவது இதுதான். வளிமண்டலத்தின் சலவைப்பொருள் என்றே வேதியியலாளர்கள் இதை அழைக்கிறார்கள். கார்பன் டெட்ராகுளோரைடில் பறிக்க ஹைட்ரஜன் இல்லை. அதனால் அது காற்றில் சுமார் 30 ஆண்டுகள் தங்குகிறது. மெத்தில் குளோரோஃபார்மில் மூன்று உண்டு; அதன் ஆயுள் சுமார் 5 ஆண்டுகள். ஓசோன் படலம்வரை ஏறிப்போவது ஒரு சிறு பங்கு மட்டுமே.

பூமி முழுவதிலும் ஹைட்ராக்சில் எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாக அளப்பது முடியாத காரியம். காற்றில் சுமார் 25 லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் இருக்கும், அதுவும் இடத்துக்கு இடம், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். 1977-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் ஒரு வழியைச் சுட்டிக்காட்டினார். மெத்தில் குளோரோஃபார்ம் முழுக்க மனிதத் தயாரிப்பு என்று கொள்ளலாம். எவ்வளவு விற்றது என்பது நிறுவனங்களின் கணக்கில் இருக்கிறது. காற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை அளக்கலாம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பெருமளவும் ஹைட்ராக்சில் தின்ற அளவு.

1978 முதல் அயர்லாந்து, பார்படோஸ், சமோவா, டாஸ்மேனியா போன்ற இடங்களின் கடலோர நிலையங்களில் இந்த அளவீடு நடந்துவருகிறது. 1990களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் கோடி காற்று மூலக்கூறுகளில் 130 மெத்தில் குளோரோஃபார்ம் இருந்தன. தடை வந்ததும் வரத்து நின்றது; 1998-க்குப் பின் ஆண்டுக்குச் சுமார் 18 சதவீதம் என்று சீராகச் சரிந்தது. உள்ளே வருவது ஏறக்குறைய நின்றுவிட்டதால், சரிவின் வேகமே ஹைட்ராக்சிலின் அளவுகோலாயிற்று. மீத்தேன் காற்றில் எத்தனை ஆண்டுகள் தங்கும் என்ற மதிப்பீட்டின் முக்கியமான ஓர் ஆதாரம் இது.

இன்று அந்த 130, 2-க்கும் கீழே வந்துவிட்டது. சில ஆண்டுகள் உயராமல் நின்றிருந்த மீத்தேன் 2007 முதல் மீண்டும் ஏறுகிறது. உமிழ்வு கூடியதா, ஹைட்ராக்சில் குறைந்ததா? 2017-ல் வெளிவந்த இரு ஆய்வுகள் மெத்தில் குளோரோஃபார்ம் அளவீடுகளை வைத்து இதை அலசின. உறுதியாக ஒரு பக்கம் சாய முடியவில்லை. மூலக்கூறு அருகிப்போனதால் இனி இந்த முறையின் துல்லியமும் குறைந்துகொண்டே போகும். அதற்குப் பதிலாக, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்படும் ஹைட்ரஜன் கொண்ட ஃபுளோரோகார்பன்கள் பலவற்றை ஒரே நேரத்தில் அளந்து கணக்கிடும் முறையை ஆய்வாளர்கள் உருவாக்கிவருகிறார்கள். அவை இன்னும் உற்பத்தியில் இருப்பதால், எவ்வளவு காற்றில் கலக்கிறது என்ற கணக்கு மெத்தில் குளோரோஃபார்முக்குக் கிடைத்ததைப் போல் தெளிவாகக் கிடைப்பதில்லை.