மண் தண்ணீரைத் தேடும் விதம்

முல்லைத்தீவில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மைன்கிராஃப்டில் வாய்க்காலிலிருந்து நாலு கட்டம் வரைக்கும் மண் ஈரமாக இருக்கிறது. ஐந்தாவது கட்டம் காய்ந்துபோகிறது. எங்கள் வயலில் ஈரம் இப்படிக் கோடு கிழித்தமாதிரி நிற்பதில்லையே, ஏன்?"

அருமையான கேள்வி. விளையாடாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. மைன்கிராஃப்ட், கட்டங்களால் ஆன உலகில் ஆடும் கணினி விளையாட்டு. மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் புல்தரையோ வெறும் மண்ணோ வயலாகிவிடும், விதை போடலாம். அதன்மேல் நடக்கலாம். குதித்தால் மட்டும் வயல் திரும்ப வெறும் மண்ணாகிவிடக்கூடும். கட்டாக்காலி மாடு இறங்கிய வயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். அந்த விளையாட்டில் தண்ணீர் மண்ணுக்குள் ஊறுவதே இல்லை. ஒவ்வொரு வயல் கட்டமும் 0 முதல் 7 வரை ஓர் ஈர எண்ணை வைத்திருக்கிறது. தன் முறை வரும்போது அது தன்னைச் சுற்றி நாலு கட்டத் தூரத்துக்குள், மூலைவிட்டம் உட்பட, தண்ணீர் இருக்கிறதா என்று தேடும். தன் மட்டத்திலோ ஒரு கட்டம் மேலேயோ இருந்தால் போதும். இடையில் கருங்கல் கிடந்தாலும் கணக்கில்லை. கண்டுவிட்டால் ஈரம் ஒரே தாவலில் 7 ஆகிவிடும். காணாவிட்டால் ஒன்று குறையும். 9-க்கு 9 பாத்தியின் நடுவில் ஒரு கட்டம் தண்ணீர் விட்டால் மீதி 80 கட்டமும் நனைவது இதனால்தான்.

முறை எப்போது வரும்? அங்கேதான் அழகு. 16-க்கு 16-க்கு 16 என்ற பெட்டிகளாக உலகம் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெட்டியில் 4096 கட்டங்கள். கணினிக்கான ஜாவா பதிப்பில், செக்கனுக்கு 20 தடவை, ஒவ்வொரு தடவையும் பெட்டிக்கு மூன்று கட்டங்கள் குருட்டாம்போக்கில் எடுக்கப்படுகின்றன. லொத்தர்ச் சீட்டு இழுப்பதைப் போலத்தான், ஆனால் இழுத்த சீட்டு உடனே திரும்பப் பெட்டிக்குள் போய்விடுகிறது. சராசரியாக ஒரு கட்டத்துக்கு 68 செக்கனுக்கு ஒருமுறை முறை வரும். ஆனால் சராசரி வேறு, நடப்பு வேறு. மூன்று நிமிடம் காத்திருந்தும் ஒருமுறைகூட அகப்படாத கட்டங்கள் ஏறத்தாழ பதினான்கில் ஒன்று இருக்கும். அதனால் வாய்க்காலை மூடினால் வயல் ஒரே நேரத்தில் காயாது; அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளுக்கும். நிரம்ப ஈரமான கட்டம் ஏழு முறை இழக்க வேண்டும். எட்டாவது முறையில்தான், பயிர் இல்லையென்றால், வெறும் மண்ணாகும். நனைய ஒரு முறை, காய ஏழு!

பயிரும் இதே குலுக்கலில்தான் வளர்கிறது. சுற்றிலும் ஈர வயல் இருந்து, பக்கத்து வரிசையில் வேறு பயிர் இருந்தால், ஒவ்வொரு முறையும் வளர மூன்றில் ஒரு வாய்ப்பு. எல்லா வயலும் காய்ந்திருந்தால் ஏழில் ஒன்று. கட்டிலில் படுத்து இரவைக் கடந்தால் பயிர் வேகமாக வளரும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வளராது. கடிகாரம்தான் தாவுகிறது, குலுக்கல் நடப்பதில்லை. எப்போதோ ஒருநாள் காலையில் எழுந்ததும் நாலு கதிர் முற்றியிருந்ததைப் பார்த்து உருவான நம்பிக்கை இது. விளைச்சல் குறைந்ததற்குக் கண்ணூறு என்று காரணம் சொல்லும் பெரியவர்களிடமும் இதே பிழையைத்தான் பார்க்கிறேன். தற்செயலாக நடந்ததற்கு உடனே ஒரு காரணம் பிடித்துவிடுகிறோம், எண்ணிப் பார்ப்பதில்லை.

சரி, நம் வயலுக்கு வருவோம். இரணைமடுக் குளத்திலிருந்து துருசு (மதகு) வழியாக வாய்க்காலுக்கு வரும் வரை தண்ணீரை இழுப்பது புவியீர்ப்பு. ஆனால் வாய்க்கால் கரையைக் காலையில் உற்றுப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலேயும் மண் கறுத்திருக்கும். அங்கே மண்தான் தண்ணீரை இழுத்திருக்கிறது. மண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள சந்துகள் மயிர்த்துளைக் குழாய்களாக வேலை செய்கின்றன. பரப்பிழுவிசை நீரை மேலே தூக்குகிறது. குழாய் எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவு உயரம். 1 மில்லிமீற்றர் விட்டமென்றால் 3 சென்றிமீற்றர், 0.1 மில்லிமீற்றர் என்றால் 30 சென்றிமீற்றர். விளையாட்டில் ஒரு கட்டம் ஒரு மீற்றர். நாலு மீற்றர் பக்கவாட்டில் இப்படி இழுத்துப் பயிருக்குப் போதிய நீர் கொடுக்க எந்த மண்ணாலும் முடியாது. அதனால்தான் வரம்பை வெட்டித் தண்ணீரை வயலுக்குள்ளேயே விடுகிறோம்.

கோடு கிழித்தமாதிரி நிற்காததற்கும் காரணம் அதுவே. நிஜ மண்ணில் சந்துகள் ஒரே அளவில் இல்லை. பெரிய சந்து முதலில் வெறுமையாகும், சிறியது கடைசி வரை நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈரம் படிப்படியாகக் குறையும். காயக் காய மிஞ்சிய நீரை மண் இறுக்கிப் பிடிக்கும். ஒரு நிலையில் வேரின் இழுவையைவிட மண்ணின் பிடி பலமாகிவிடும், பயிர் வாடும். விளையாட்டு கோட்டை விடுகிற இன்னோர் இடமும் உண்டு: அதில் வயலுக்கு அடியிலுள்ள தண்ணீரால் பயனே இல்லை. நமக்கோ தாழ்ந்த வயலில் அடிநீரே ஈரம் ஏற்றுகிறது.

மண்ணின் இந்தப் பிடியை அளக்க ஒரு சுடுமண் முனை, நீர் நிரப்பிய குழாய், ஒரு வெற்றிடமானி போதும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில்தான் இருக்கிறது. அங்குள்ள மாணவர்கள் வன்னிப் பாடசாலைகளுக்கு இந்தக் கருவியைச் செய்து கொடுக்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திறன்பலகைக்குக் காசு கிடைக்கும் நாட்டில் இதற்குக் கிடைக்காமல் இருப்பது அநியாயம்.

அதுவரை, தங்கச்சி, இதைச் செய்து பாருங்கள். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களின் அடியை வெட்டி, வாயைத் துணியால் கட்டுங்கள். ஒன்றில் காய்ந்த கடற்கரை மணல், மற்றதில் காயவைத்துத் தூளாக்கிய வயல் களிமண். தலைகீழாக, வாய்ப்பக்கம் ஒரு விரற்கடை தண்ணீரில் நிற்கும்படி வைத்து, ஈரக்கோட்டை மணிக்கு ஒருமுறை பேனாவால் குறியுங்கள். மணலில் விறுவிறுவென்று ஏறிச் சீக்கிரம் நின்றுவிடும். களிமண்ணில் ஆமை வேகம். ஆனால் மறுநாளும் ஏறிக்கொண்டிருக்கும்.