ஸ்பேனர் சொல்லாத அளவு

காரில் கழன்று தொலைந்த போல்ட்டுக்கு மாற்று வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் “14-ஆம் நம்பர் போல்ட்” என்றே கேட்கிறார்கள். அது தலையைப் பிடிக்கும் ஸ்பேனரின் அளவு; போல்ட்டின் அளவு அன்று. 10 மி.மீ. தண்டுள்ள போல்ட்டுக்கு ஜப்பானிய கார்களில் பொதுவாக 14 மி.மீ. தலை இருக்கும், அதே தண்டுக்குப் பன்னாட்டுத் தரமுறையில் 16, பழைய ஜெர்மானியத் தரமுறையில் 17.

கடைக்காரருக்கு வேண்டியவை தண்டின் விட்டம், நீளம், ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையிலான தூரமாகிய பிட்ச் ஆகியவையே. 8 மி.மீ. போல்ட்டை வெர்னியர் அளவுகோலில் வைத்தால் 7.9-ஐ ஒட்டியே காட்டும். நட்டு தடையின்றிச் சுழல்வதற்காக விட்டம் சற்றுக் குறைத்தே செய்யப்படுகிறது. பிட்ச் கேஜ், அதாவது வெவ்வேறு பிட்ச் அளவில் பற்கள் வெட்டிய தகடுகளின் தொகுப்பு, இருந்தால் அதன் பற்களை மரையில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி கசியாமல் உட்காரும் தகட்டில் பொறித்திருப்பதே விடை. கேஜ் இல்லாதவர், ஒரு மரையின் முகட்டிலிருந்து பத்து மரை தள்ளியுள்ள முகடு வரை அளந்து பத்தால் வகுக்கலாம். 15 மி.மீ. வந்தால் பிட்ச் 1.5, 12.5 வந்தால் 1.25.

இந்தக் கால் மில்லிமீட்டரில்தான் தவறு நேர்கிறது. 10 மி.மீ. போல்ட்டுக்கு ஜப்பானிய கார்களில் 1.25 பிட்ச் பரவலாக உள்ளது. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதோ 1.5. தவறான போல்ட்டும் முதல் ஓரிரு சுற்றுக்குக் கையாலேயே ஏறிவிடும், ஏனெனில் மரைகளுக்கிடையே உள்ள சிறு தளர்வு அதுவரை வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு மரைக்கும் 0.25 மி.மீ. கூடிக்கொண்டே போவதால் போல்ட் இறுகிக்கொள்ளும். துரு என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால், துளை அலுமினியத்தில் இருக்கும் பட்சத்தில் மரை சீவப்பட்டுவிடும். அதற்குப் பின் லேத் பட்டறைச் செலவுதான்.

தலையில் பொறித்த எண்ணையும் படித்தாக வேண்டும். 8.8 என்றால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவிசை வரை அறாமல் தாங்கும் என்பதை முதல் 8 சொல்கிறது. அதில் 80 விழுக்காட்டில், அதாவது 640-இல், நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பதை இரண்டாவது 8 சொல்கிறது. 10.9 என்றால் இவை 1000, 900. பளபளப்புக்கு ஆசைப்பட்டு எவர்சில்வர் போல்ட் போடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை: ஏ2-70 வகை 450-ஐ ஒட்டியே நீளத் தொடங்கிவிடும். நம்பர் பிளேட்டுக்கு அது போதும், பிரேக் கட்டைகளை அழுத்தும் காலிப்பருக்கு ஆகாது.

கதவு உள்பலகையின் பிளாஸ்டிக் கிளிப்பும் இப்படித்தான். வெளியே தெரியும் தொப்பியை விட்டுவிட்டு, அது நுழையும் துளையின் விட்டத்தையே அளக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் உதிரிபாக எண்ணைத் தேடிவிடுவது நல்லது. அந்த எண்ணிலேயே பிட்ச், வலிமை, பூச்சு எல்லாம் அடங்கிவிடும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையிலும் மாதிரி போல்ட்டைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கலாம். ஆனால் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. பல எஞ்சின்களில் அது முறுக்கப்படும்போதே நீளும்படி வடிவமைக்கப்பட்டது. ஒருமுறை நீண்டதை மறுபடி முறுக்கினால் பிடிப்பு குறையும், அறுந்துபோகவும் கூடும்.