தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் காற்று

ஐந்து நாள் மலை நடைக்கு முதன்முதலாகப் புறப்பட்டபோது நான் தலையணை எடுத்துப் போகவில்லை. ஜாக்கெட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டால் போதும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லியிருந்தார்கள். படுத்தவுடன் இறகு ஜாக்கெட் கன்னத்தில் மெத்தென்று பட்டது. கால் மணி நேரத்தில் அதற்குள் இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிட்டது; ஜிப்பின் பற்கள் காதில் உறுத்தத் தொடங்கின. மடித்தேன், பிரித்தேன், இரண்டு ஜோடி காலுறைகளை உள்ளே திணித்தேன். விடிந்தபோது கழுத்து இடப்பக்கம் மட்டுமே திரும்பியது. வலப்பக்கம் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. பாதையின் வலப்பக்கம்தான் பள்ளம்.

அந்தப் பயணத்திலிருந்து திரும்பியதும் முதுகுப்பையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் எடைபோட்டேன். இல்லாத பொருளைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

தலையணை என்றதும் மென்மைதான் நினைவுக்கு வருகிறது. அதன் முதல் வேலை உயரம் தருவது. வயது வந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தாங்குவது ஏழு சிறிய கழுத்து எலும்புகளும் அவற்றைச் சுற்றியுள்ள தசைகளும் தசைநார்களும். விழித்திருக்கும்போது தசைகள் ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்து தலையை நிலையாக வைத்திருக்கின்றன. தூக்கத்தில் அவை தளர்ந்துவிடும். அப்போது தலை ஒரு பக்கம் தொங்கினால், அதன் பாரம் மணிக்கணக்கில் மூட்டுகளையும் நார்களையும் இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் கழுத்துப் பிடிப்பாக நாம் உணர்வது இதைத்தான்.

எவ்வளவு உயரம் தேவை என்பது படுக்கும் விதத்தைப் பொறுத்தது. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தலையின் பக்கவாட்டுக்கும் தரைக்கும் நடுவே தோளின் அகலம் முழுவதும் இடைவெளியாக நிற்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அது 10 முதல் 15 சென்டிமீட்டர். மல்லாந்து படுப்பவருக்கு அதில் பாதி போதும். குப்புறப் படுப்பவர் தலையணை இல்லாமலே சமாளித்துவிடுவார்; அவருக்கு உயரமான தலையணை கெடுதல் கூட.

வீட்டில் பழகிய தலையணையின் உயரம் கூடாரத்தில் ஏன் பொருந்துவதில்லை என்று எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. காரணம் கீழே விரிக்கும் பாயில் இருக்கிறது. வீட்டு மெத்தையில் தோள் சில சென்டிமீட்டர் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. தலையணை நிரப்ப வேண்டிய இடைவெளி அந்த அளவுக்குக் குறைகிறது. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள நுரைப்பாயில் தோள் அமிழ இடமே இல்லை. அதே ஆள், அதே கழுத்து, ஆனால் தலையணை மட்டும் கூடுதல் உயரமாக இருக்க வேண்டும். தடித்த காற்றுப்பாய்க்கு மாறியவர்கள் பழைய தலையணை திடீரென்று உயரமாகிவிட்டதாகச் சொல்வதும் இதனால்தான். ஆகவே தலையணையைத் தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது படுக்கையின் ஒரு பாதி.

உயரமே முக்கியம் என்றால் ஒரு தட்டையான கல் போதாதா? 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறையில், யானைத் தந்தத்தில் செதுக்கிய ஒரு தலைதாங்கி இருந்தது. பிறை போல வளைந்த அதன் மேற்பகுதியை, பண்டைய எகிப்தியரின் காற்றுக் கடவுளான ஷூ மண்டியிட்டு இரு கைகளாலும் ஏந்தி நிற்கிறார். கடினமான பொருளிலும் தலை வைத்துத் தூங்க மனிதர்கள் பழகியிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு அது முடியாது. அதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது.

5 கிலோ தலை கல்லில் படும்போது, தொடும் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ. அதே தலை 150 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பதிந்தால் 33 கிராம்தான். இரத்த அழுத்தத்தை அளக்கும் பாதரச அலகில் சொன்னால் முதலாவது 350 மில்லிமீட்டருக்கும் மேல். இரண்டாவது சுமார் 25. தோலுக்கு அடியில் இரத்த நுண்குழாய்களின் தொடக்கத்தில் அழுத்தம் 30 சொச்சம். அதைவிட அதிகமாக அழுத்தினால் அந்த இடத்தில் இரத்தம் ஓடாது. காது வலிக்கும், மரத்துப்போகும், தூக்கத்திலேயே புரண்டு படுப்போம். மென்மை என்று நாம் சொல்வது, தலையின் வடிவத்துக்கு இணங்கித் தொடும் பரப்பைப் பெரிதாக்கும் குணம்.

ஆக, உயரமும் வேண்டும், இணக்கமும் வேண்டும், எடையும் இருக்கக் கூடாது. ஃபோம் முதல் இரண்டையும் நன்றாகத் தருகிறது. அதன் நுண்ணறைகளின் சுவர்கள் ஒவ்வொன்றாக வளைந்து கொடுப்பதால், தலை மெதுவாக இறங்கிச் சரியான இடத்தில் நிற்கிறது. ஆனால் ஒரு லிட்டருக்கு 30 கிராம் என்ற லேசான ஃபோமில் கூட, 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 10 உயரம் என்று ஒரு தலையணை செய்தால் எடை 360 கிராம் வந்துவிடும். அதே 12 லிட்டர் இடத்தைக் காற்றால் நிரப்பினால் ஏறக்குறைய 14 கிராம்; அந்தக் காற்றையும் சுமந்துகொண்டு போக வேண்டியதில்லை. உயரத்தை இவ்வளவு குறைந்த எடையில் தருவதற்குக் காற்றுக்கு நிகராக வேறொன்று இல்லை. சுமப்பதெல்லாம் அதை அடைத்து வைக்கும் உறையை மட்டும்தான்.

அந்த உறை எவ்வளவு மெல்லியது என்பதை டெனியர் என்ற எண் சொல்கிறது. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அதன் டெனியர். 20 டெனியர் துணியில் ஒன்பது கிலோமீட்டர் நீள நூலும் சேர்ந்து 20 கிராம்தான் இருக்கும். அந்தத் துணியின் உட்புறத்தில் காற்றுப் புகாத பாலியூரித்தேன் படலத்தை ஒட்டி, ஓரங்களைச் சூடுவைத்து இணைக்கிறார்கள். இப்படிச் செய்த காற்றுத் தலையணைகள் 50 முதல் 100 கிராமுக்குள் கிடைக்கின்றன. சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும்.

முதல்முறை காற்றுத் தலையணையில் படுப்பவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: பந்தின் மேல் தலை வைத்தது போல இருக்கிறது. அவர்கள் அதைக் கன்னம் புடைக்க ஊதியிருப்பார்கள். ஃபோம் போல இந்த உறை நீளாது. முழுக்க ஊதினால் மேற்பரப்பு விறைத்து நிற்கும், தலை அமிழாது, தொடும் பரப்பு சுருங்கும், கொஞ்சம் அசைந்தாலும் தலை வழுக்கி உருளும். முன்பு போட்ட கணக்கை இங்கே திருப்பிப் பார்க்கலாம். தலை 150 சதுர சென்டிமீட்டரில் பதிந்திருக்க, உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 33 கிராம் கூடுதல் அழுத்தம் போதும். வெளியே வளிமண்டலம் தரும் அழுத்தத்தில் அது முப்பதில் ஒரு பங்குதான். எனவே முதலில் நன்றாக ஊதி, வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுத்து, வால்வை விரல் நுனியால் தொட்டுத் தொட்டுக் காற்றை விட வேண்டும். காது தரையை நோக்கி இறங்குவது தெரியும். மூக்கும் நெஞ்செலும்பும் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்திவிடலாம். காற்றைச் சிறிது சிறிதாக விட அனுமதிக்கும் வால்வு இருக்கிறதா என்பதுதான், என் கருத்தில், வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது. நிறமும் வடிவமும் பிறகு.

இரண்டாவது குறை, இரவு இரண்டு மணிக்குத் தலையணை தொய்ந்து கிடப்பது. ஓட்டை விழுந்துவிட்டது என்று பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நானும் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. தவறு தலையணையில் இல்லை, என் மூச்சில் இருந்தது.

நாம் ஊதும் காற்று ஏறக்குறைய 34 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. அந்தச் சூட்டில் எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அவ்வளவும் அதில் நிறைந்திருக்கிறது. கூடாரத்துக்குள் வெப்பநிலை 5 டிகிரிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயுவின் கன அளவு தனி வெப்பநிலையை, அதாவது செல்சியஸோடு 273 கூட்டினால் வரும் கெல்வின் அளவை, தொடர்ந்து செல்லும். 307 கெல்வினிலிருந்து 278 கெல்வினுக்கு இறங்கினால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அதோடு முடியவில்லை. மூச்சுக்காற்றின் அழுத்தத்தில் சுமார் 5 சதவீதம் நீராவியினுடையது. குளிரில் அதில் பெரும்பகுதி நீராக மாறிவிடுகிறது. அது அடைத்திருந்த இடமும் காலியாகிறது. இரண்டையும் சேர்த்தால் 13 சதவீதம் அளவுக்குக் காற்று குறைந்தது போல ஆகிவிடும். 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்க இது போதும். ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் கழுத்து அந்த ஒரு சென்டிமீட்டரை உடனே கண்டுகொள்ளும்.

தீர்வு மிகவும் சுலபம். கூடாரம் போட்டவுடன் தலையணையை ஊதி வைத்துவிட்டுச் சமையலையோ மற்ற வேலைகளையோ பார்க்க வேண்டும். படுக்கப் போகும்போது உள்ளே இருக்கும் காற்று வெளிக்குளிரை எட்டியிருக்கும். குறைந்ததை ஒரு மூச்சில் ஈடுகட்டிவிட்டுப் பிறகு உயரத்தைச் சரிசெய்தால், விடியும்வரை பெரிய மாற்றம் இருக்காது.

உயரமான முகாம்களுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடல் மட்டத்தில் 1013 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் காற்றழுத்தம் 3000 மீட்டரில் 700 அளவுக்கு வந்துவிடுகிறது. கீழே ஊதி மூடிய எதுவும் மேலே போகப்போக உப்பும். தலையணையைத் தினமும் காற்றிறக்கி மடிப்பதால் இது தொல்லை தருவதில்லை. பாதி ஊதிய நிலையில் பையில் செருகும் பழக்கம் இருந்தால் மட்டும் கவனம் தேவை.

குளிர் தலையணையின் உள்ளிருந்தும் வரும். வெற்று அறைக்குள் கன்னத்தின் சூட்டைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லாததால், அது அடிப்பக்கம் போய்த் தரையில் சேர்ந்துவிடுகிறது. உடல் சூட்டில் பாதி தலை வழியே போகிறது என்ற பேச்சு உண்மையல்ல. தலை உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். என்றாலும் சில்லிட்ட பிளாஸ்டிக் கன்னத்தில் ஒட்டினால் தூக்கம் வராது. மேலே விரல் தடிமனுக்கு ஒரு துணி இருந்தால் சூடு தங்கும், வியர்வை ஒட்டாது, சரசரப்பு குறையும், பந்து போன்ற துள்ளலும் பெரிதும் அடங்கும். இங்கேதான் நான் முதல் இரவில் கோட்டைவிட்ட ஜாக்கெட் தன் சரியான இடத்துக்கு வருகிறது. இறகுக்கு நிறையக் காற்றைச் சிறைபிடிக்கும் திறமை உண்டு. 5 கிலோவைத் தூக்கி நிறுத்தும் வலு கிடையாது. உயரத்தைக் காற்றிடம் விட்டுவிட்டு, இணக்கத்தையும் கதகதப்பையும் மட்டும் ஜாக்கெட்டிடம் கேட்டால் இரண்டும் நன்றாக உழைக்கும். காற்றுத் தலையணை சுமக்கவே மாட்டேன் என்பவர்கள், இறகுக்குப் பதில் ஃபிளீஸ் என்ற சடைத்த செயற்கை இழை உடைகளைப் பைக்குள் இறுக்கித் திணித்துப் பார்க்கலாம். சிக்கலான அந்த இழைகள் ஒன்றோடொன்று உராய்ந்து நிற்பதால் அவ்வளவு எளிதில் படியாது. ஆனால் கடும் குளிர் இரவில் அந்த உடைகள் உடம்புக்குத் தேவைப்படும். அப்போது தலைக்கு ஒன்றும் மிஞ்சாது.

மீதமிருப்பது வழுக்கல். வழவழப்பான பாயின் மேல் வழவழப்பான தலையணை, நடுவே உராய்வே இல்லை. நள்ளிரவில் அது தலைமாட்டைத் தாண்டிக் கூடாரச் சுவரோரம் கிடக்கும். சிலர் பாயைச் சுற்றி ஒரு மீள்பட்டை கட்டுகிறார்கள். உறக்கப்பையில் தலைமூடி இருந்தால் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நான் செய்வது: ஒரு பருத்தி பனியனைப் பாயின் தலைப்பக்கம் மாட்டிவிட்டு, தலையணையை அந்தப் பனியனுக்குள் செருகிவிடுகிறேன். புரண்டு படுத்தாலும் நகர்வதில்லை. கன்னத்துக்குத் துணியும் கிடைத்துவிடுகிறது.

காலையில் வால்வைத் திறந்து அழுத்தும்போது, வெளிவரும் காற்றோடு உள்ளங்கையில் ஈரம் படும். ஐந்து லிட்டர் மூச்சில் இருந்த நீராவி இரவில் குளிர்ந்து மூன்று நான்கு துளியாக உள்ளே ஒட்டியிருக்கிறது. பயணம் முடிந்து வீடு திரும்பியதும், வால்வைத் திறந்து வைத்து இரண்டு நாள் நிழலில் தொங்கவிடுகிறேன். மூடி வைத்தால் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பிறகு அந்த வால்வில்தானே மறுபடியும் வாய் வைத்து ஊத வேண்டும்.